எந்த அவரு?

இரண்டாம் கல்யாணம் என்றால் வீட்டில் கட்டில், பீரோ, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் எப்படியாவது இடம் பண்ணிவிடலாம். ஒரு சொல்லுக்கு இடம் பண்ணுவதுதான் கஷ்டம். புருஷனைப் பேர் சொல்லிப் பழகாத வாய்க்கு ‘அவரு’ என்ற ஒரே சொல்தான் கதி. படகுக்காரம்மாவின் ‘அவரு’ முதல் புருஷன். ஆள் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியும் அந்தச் சொல் ஆளை விட்டுப் போகவில்லை. “அவருக்கு வெயில் ஆகாது.” “அவரு இருந்தா இப்படி நடக்க விடுவாரா?” சென்ற வருஷம் அவளைக் கட்டிக்கொண்ட இரண்டாமவனோ, ஊர் வாயில் எப்படியோ அப்படியே அவள் வாயிலும் டெய்லர்தான். “டெய்லரு கடைக்குப் போயிருக்காரு.” “டெய்லரு இன்னும் சாப்பிடல.” நேருக்கு நேர் என்றால் “இந்தாங்க.”

டெய்லருக்கு இதில் கோபம் கிடையாது, ஏக்கம் இருந்தது. செத்த மனுஷனோடு போட்டி போடுவது அழகில்லை என்று அவனுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அவள் வாசலில் நின்று யாரிடமாவது “அவரு...” என்று ஆரம்பித்தால் உள்ளே தையல் மெஷின் தானாக நின்றுவிடும். இந்தத் தடவையாவது நம்மைச் சொல்கிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு தடவைகூட அவனாக இருந்ததில்லை. மறுபடி மிதிக்க ஆரம்பிப்பான்.

அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றிப் போகிற படகு அவளுடையது. அதன் பின்னால் மாட்டுகிற மோட்டார் முதல் புருஷன் ஆசை ஆசையாக வாங்கியது. இந்த வாரம் அவளுக்கு நல்ல காய்ச்சல். படகு கரையில் கிடந்தது, மோட்டார் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மரச்சட்டத்தில் தொங்கியது. கஞ்சியும் மாத்திரையுமாகக் கிடந்தவள் தூக்கத்தில் ஒரு தடவை, “கியர் ஆயில் மாத்தணும்... நாள் தாண்டிப்போச்சு” என்று முனகினாள். ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டிருந்த டெய்லர் அதைப் பிடித்துக்கொண்டான். நாளைக்குப் படகை எடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், அதற்குள் செய்துவைத்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

மத்தியானம் அவள் தூங்கும்போது ஆயில் பிடிக்க ஒரு பேசினும் ஸ்க்ரூ டிரைவரும் புது ஆயில் டப்பாவுமாகக் கொட்டகைக்குள் போனான். மெக்கானிக் செய்வதைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறான். மோட்டாரின் அடியில், விசிறிக்கு முன்னால் புடைத்திருக்கிற பாகத்துக்குள்தான் பல்சக்கரங்கள் ஆயிலில் முங்கிக் கிடக்கின்றன. மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு. கீழே இருப்பதைக் கழற்றினால் பழைய ஆயில் கொட்டும். இவ்வளவுதானே? ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் கீழே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திருகு இருந்தது.

ஒன்று பட்டைத் தலை. துருவும் பெயிண்டும் ஏறி இறுகிப்போய், அவன் மூச்சைப் பிடித்துத் திருப்பியும் அசைந்து கொடுக்கவில்லை. மற்றது நட்சத்திரத் தலை. தையல் மெஷின் திருகு மாதிரியே பழகின முகமாக இருந்தது, தொட்டதுமே சுற்றியது. பாழாய்ப்போன மனுஷக் கை இளகின இடத்துக்குத்தானே போகும்! திருகு முழுதாக வெளியே வந்ததும் மோட்டாருக்குள் ‘டக்’ என்று ஏதோ விழுந்தது.

டெய்லர் குனிந்து துளைக்குள் உற்றுப் பார்த்தான். திருகைத் திரும்பப் போட்டான், பிடிக்கவில்லை. கியர் கம்பியைத் தள்ளிப் பார்த்தான். ‘கடக்’ என்று போய் விழுகிற கம்பி, ஆடுகிற பல் மாதிரி அங்கும் இங்கும் அசைந்தது, அவ்வளவுதான். துடைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நாளைக்கு நட்டாற்றில் அவள் அந்தக் கம்பியைத் தள்ளுவதை நினைத்ததும் அந்த எண்ணம் செத்துப்போனது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

“இந்தாங்க, இங்க என்ன பண்றீங்க?”

“ஆயில் மாத்தலாம்னு வந்தேன். தப்பான திருகைக் கழட்டிட்டேன். உள்ள என்னமோ விழுந்துடுச்சு.”

அவள் வந்து கம்பியைத் தள்ளினாள், இழுத்தாள். பிறகு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

“திட்டணும்னா திட்டிடு. அவரு வாங்கின மோட்டாரு. நான் கை வச்சிருக்கவே கூடாது.”

“அவரா?” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவரு இதை ஓட்டுவாரு, துடைப்பாரு, நாலு பேருகிட்ட பெருமை அடிப்பாரு. ஆயில் மாத்துங்க, ஆயில் மாத்துங்கன்னு கத்திக் கத்தி என் தொண்டைதான் வத்தும். நாளைக்கு, நாளைக்கும்பாரு. கடைசியில நானேதான் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வருவேன்.” சிரித்துக்கொண்டே சொல்லிவந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “உங்களை யாரு செய்யச் சொன்னா?”

“நீதான். காய்ச்சல்ல பொலம்பினே.”

அவள் அவனையே பார்த்தாள். இந்த மோட்டார் வந்த நாளிலிருந்து, ஒரு தடவை சொல்லி, அதுவும் தூக்கத்தில் சொல்லி, ஒரு காரியம் நடப்பது இதுதான் முதல் தடவை. அது நடந்த லட்சணம் வேறு விஷயம். போர்வை நுனியால் அவன் தாடையிலிருந்த கிரீஸைத் துடைத்தாள். துடைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

சாயங்காலம் மெக்கானிக் வந்தான். முதல் புருஷனுக்குத் தம்பி மாதிரி கூடவே திரிந்தவன். அவளை அண்ணி என்பான், டெய்லரை டெய்லர் என்பான். மோட்டாரின் அடிப்பாகத்தைத் தனியாகக் கழற்றி, விழுந்து கிடந்த துண்டை எடுத்து மாட்டுவதற்குள் அவனுக்கு வேர்த்து ஊற்றிவிட்டது.

“எந்தப் புண்ணியவான் இதுல கை வச்சது?”

டெய்லர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“அவருதான்.”

மெக்கானிக்கின் ஸ்பேனர் நின்றது. “அண்ணனா? என்ன அண்ணி, காய்ச்சல் இன்னும் இறங்கலையா?”

“அதெல்லாம் இறங்கியாச்சு. அவருதான் கழட்டினாரு.”

“எந்த அவரு?” பாவம், அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

“இதோ நிக்கிறாரே, அவரு.”

மெக்கானிக் டெய்லரைத் திரும்பிப் பார்த்தான். டெய்லர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆயில் டப்பாவைப் பார்த்தான்.

“அப்ப அண்ணனை என்னன்னு சொல்வீங்க?” மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, அதை அவள் மறைக்கவும் இல்லை. “அவரும் அவருதான்டா. இவரும் அவருதான். உனக்குக் குழம்புச்சுன்னா எந்த அவருன்னு கேளு, நான் சொல்றேன்.”

மெக்கானிக் தலையை ஆட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினான். அடிப்பாகத்தைப் பூட்டினான். புது ஆயிலை மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும், கீழ்த் துளை வழியாகத்தான் பம்பு வைத்து மேலே ஏற்ற வேண்டும். மேல் துளையில் ஆயில் வந்து எட்டிப்பார்த்ததும் அதை முதலில் மூட வேண்டும். மேல் திருகை டெய்லரின் கையில் கொடுத்துவிட்டு அவன் கீழே குனிந்து பம்பை அழுத்தினான்.

“நுரை நின்னு சுத்தமா வழிஞ்சதும் மூடுங்க.”

முதலில் காற்றுக்குமிழ் வந்தது. பிறகு நுரை. பிறகு தேன் நிறத்தில் ஆயில் வந்து, துளையை நிறைத்து, விளிம்பைத் தாண்டி இறங்கியது. டெய்லர் திருகைப் பிடித்தபடி நின்றான். ஆயில் அவன் விரலில் வழிந்து, மணிக்கட்டில் வழிந்து, அவன் கையாலேயே தைத்துப் போட்டுக்கொண்ட சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வழியுது! மூடுங்க!” மெக்கானிக் கீழேயிருந்து கத்தினான்.

“கத்தாதடா, அவருக்குக் கேக்கல” என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்து வந்தாள். அவன் கையைப் பிடித்துத் திருகைத் துளையில் வைத்து, அவன் விரல்களோடு சேர்த்துத் திருகினாள்.

எந்த அவரு என்று மெக்கானிக் கேட்கவில்லை.