ஒரு மணி நேரம் முந்திய கடிகாரம்

எங்கள் மாநில அணியான பேக்கர்ஸின் ஃபுட்பால் மேட்ச் டிவியில் ஓடும்போது அமெரிக்காவின் விஸ்கான்சினில் யாரும் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள். இங்கேயே பிறந்த எனக்கு அது தெரியாதா? கவர்னர் தேர்தலுக்கு இன்னும் இரண்டே நாள். இருக்கிற கவர்னர் மறுபடி நிற்கவில்லை, அதனால் ஒவ்வொரு ஓட்டுக்கும் அடிபிடி. மேட்ச் முடிந்திருக்கும் என்று என் கைக்கடிகாரத்தை நம்பி, என் வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்க யேக்கல் என்பவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

திறந்தவர் சட்டையில் எதிர் வேட்பாளரின் பேட்ஜ். உள்ளே ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, மேட்ச் நேரத்துலயா ஓட்டுக் கேட்டு வருவ?"

"முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன் சார்."

"கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால வைக்கலையா?"

குளிர்காலம் நெருங்கினால் இங்கே சட்டப்படி நேரமே ஒரு மணி பின்னால் போகும்; இன்று காலை ஊரே செய்த வேலை. நான்தான் மறந்து தொலைத்திருந்தேன்.

"சரி, உள்ள வந்து உக்காரு. அரசியல் பேசினா வெளிய அனுப்பிடுவேன்."

சூடான சூப்பும் சீஸும் கொடுத்தார். சேர்ந்து கத்தினோம், ஜெயித்தோம். கிளம்பும்போது என் கடிகாரத்தைக் கேட்டு வாங்கி, முள்ளை அவரே பின்னால் திருப்பினார்.

"செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குத்தான் பூத் திறப்பாங்க. ஆறு மணிக்கே போய்க் குளிர்ல நிக்காதே."

என் சட்டையிலும் என் வேட்பாளரின் பேட்ஜ் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.