செங்கல் பொடி போட்டுத் தேய்த்த வாள்

வலியசாலைத் தெருவில் கோமதிநாயகத்துக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முப்பாட்டனார் தாணுவலிங்கம் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் மகாராஜா கோட்டைக் காவல் தலைமைக்காகக் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாள் அது. சொல்லப்படும் என்பதோடு சரி. கடுதாசி இல்லை, ஓலை இல்லை. பூஜை அறை மூலையில் பட்டுத்துணி சுற்றி நின்றுகொண்டிருந்தது.

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில், எதிர்வீட்டில் இருக்கும் அவருடைய பங்காளி திரவியம் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். "அந்த வாளா? சாலைக் கம்போளத்துல பழைய இரும்புக் கடையில இவரு தாத்தா வாங்கினதாக்கும். எங்க தாத்தாவும் கூடத்தான் போயிருந்தாராம். இத வச்சுப் பலாச்சக்கை வெட்டக்கூட ஆகாது வேய்னு கடைக்காரனே சொல்லித்தான் கொடுத்திருக்கான்."

பந்தி முழுக்கச் சிரித்தது. பரிமாறுகிறவனும் சிரித்தான். கோமதிநாயகம் பாதி இலையில் எழுந்து கை கழுவினார்.

மறுநாளே கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார். கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் பழைய ஆயுதங்களுக்கென்று காட்சிக்கூடம் திறக்கப்போவதாகப் பத்திரிகையில் படித்திருந்தார். நான்கு கடிதத்துக்குப் பிறகு பதில் வந்தது. வாளைக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறோம், ஏற்றுக்கொண்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் விவரச் சீட்டோடு வைப்போம் என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சீட்டில் தாணுவலிங்கம் பிள்ளை என்று நான்கு பேர் படிக்கும்படி அச்சாகிவிட்டால் போதும். திரவியத்தைக் கையோடு கூட்டிவந்து, பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். அதற்குமேல் அவருக்கு ஒரு ஆசையும் இல்லை.

வாளைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு, மனைவி முத்தாரம்மாளோடு ஆட்டோவில் போய் இறங்கினார். கூடத்தில் பெட்டிகள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. நாடாப்போல் சுருட்டி வைத்த சுருள்வாள், குறுக்குப் பிடி போட்ட கட்டாரி, அரிவாளைப்போல் உள்பக்கம் வளைந்த ஒரு வாள். ஒவ்வொன்றின் கீழும் இன்ன குடும்பத்தார் தந்தது, இன்னார் ஏந்தியது என்று சீட்டு. கோமதிநாயகம் ஒன்று விடாமல் படித்தார்.

பரிசோதிக்கிற பெண்ணின் பெயர் அஸ்வதி. ஸ்ரீவராகம் பகுதியில் இருக்கும் தமிழ்வீட்டுப் பெண்தான். படித்ததெல்லாம் மலையாளத்தில். கையுறை மாட்டிக்கொண்டு வாளைத் துணியின்மேல் கிடத்தினாள்.

"அங்கிளே, இது நல்ல சாதனமாக்கும். அலகு பாத்தீங்களா, வளைவே இல்ல. இது இவிடத்து அலகு இல்ல, கப்பல்ல வந்தது. பிடி மட்டும் நம்ம ஆளுங்க பண்ணினது. பரங்கிக்காரன் அலகுங்கறதால ஃபிரங்கின்னு சொல்லுவாங்க."

"சாலையில பழைய இரும்புக் கடையில கிடைக்குமா இது?"

அவள் சிரித்தாள். "அங்க எங்க கிடைக்க? பெரிய ஆளு ஒருத்தர் இடுப்புல இருந்ததல்லே இது."

கோமதிநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அஸ்வதி விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பிடிக்குக் கீழே நான்கு விரற்கடை இடத்தில் லென்ஸை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"இங்க எழுத்து இருந்திருக்கு."

"எழுத்தா?"

"தங்க எழுத்து. இரும்புல பொடிப்பொடியாக் கோடு கீறி, அதுக்கு மேல தங்கக் கம்பிய அடிச்சுப் பிடிக்க வைப்பாங்க. கோடு இருக்கு, தங்கம் போயாச்சு. இது மாதிரி ரெண்டு வாள் பாத்திருக்கேன். ரெண்டுலயும் ஆளு பேரு, எதுக்குக் கொடுத்தது, எல்லாம் இருந்துச்சு."

"இப்ப படிக்க முடியாதா?"

"ஒரு சுழி மட்டும் மிச்சம் இருக்கு. அத வச்சு என்ன படிக்க?" லென்ஸை எடுத்தாள். "ஆராக்கும் இத இப்படித் தேய்ச்சது?"

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் வாளைப் புளி போட்டு ஊறவைத்து, செங்கல் பொடியால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்துப் புத்தகங்களோடு அடுக்குவது அந்த வீட்டில் கோமதிநாயகமே தொடங்கிவைத்த வழக்கம். கல்யாணமாகி வந்த மறுவருஷம், முத்தாரம்மாள் துவைகல்லில் இருந்து எழுந்து வந்து கேட்டாள். இதுல மஞ்சளா எழுத்து மாதிரி இருக்கு, இதையும் தேய்க்கணுமா என்று. பத்திரிகையை இறக்காமலே அவர் பதில் சொன்னார்: மஞ்சத் துருவாக்கும், அழுத்தித் தேய். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் வெயிலில் பிடித்துப் பார்ப்பார். மஞ்சள் தெரிந்தால் திருப்பி அனுப்புவார். ஆறாவது வருஷமோ ஏழாவது வருஷமோ, இப்பத்தான் வாள் வாள் மாதிரி இருக்கு என்று மெச்சிக்கூடச் சொன்னார்.

இவ்வளவும் ஒரு நொடியில் அவருக்கு நினைவு வந்தது. வந்த பிறகுதான் சொன்னார்.

"இவதான். நமக்கு எங்க தெரியும்? நான் ஆபீஸுக்குப் போயிட்டா வீட்டுல நடக்கது எதுவும் தெரியாது. நல்லது பண்ணுதோம்னு நினைச்சுப் பண்ணிட்டா."

முத்தாரம்மாள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"வாளை எடுத்துக்கலாம் அங்கிளே," என்றாள் அஸ்வதி. "ஆனா பேரு போட முடியாது. 'ஏந்தியவர் அறியப்படவில்லை'ன்னுதான் சீட்டு வரும். குடும்பத்துல சொல்லுறதை வச்சு நாங்க எழுத மாட்டோம்." அவள் ஒரு படிவத்தை முத்தாரம்மாள் முன்னால் நீட்டினாள். "ஆன்ட்டி, எப்படிச் சுத்தம் பண்ணினதுன்னு தேய்ச்சவங்க எழுதி ஒப்பு போடணும். கீழ அங்கிள் ஒப்பு. ஃபைல்ல இருக்கும், ஆராய்ச்சி பண்ணுறவங்க வந்தா பாப்பாங்க."

முத்தாரம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பால்காரனுக்குச் சீட்டு எழுதுகிற நிதானத்தில் எழுதினாள். எழுதி முடித்ததும் படிவம் கோமதிநாயகத்திடம் வந்தது.

'முப்பத்தேழு வருஷம், வருஷத்துக்கு ஒரு தடவை, புளியும் செங்கல் பொடியும். எழுத்து இருந்தது. ஏழோ எட்டோ எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. கேட்டேன். துரு என்று சொல்லித் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்தேன். கோ. முத்தாரம்மாள்.'

இரண்டு தடவை படித்தார். அஸ்வதி மேசைக்கு அந்தப் பக்கம் பேனாவோடு காத்திருந்தாள். கையெழுத்துப் போடாவிட்டால் வாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும். வேட்டியில் சுற்றிய வாளோடு வலியசாலையில் ஆட்டோவிலிருந்து இறங்குவதை, எதிர்வீட்டுத் திரவியம் வாசலில் நின்று பார்ப்பதை நினைத்தார். கையெழுத்துப் போட்டார்.

வெளியே வெயில். ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"திரவியம் கேப்பான், சீட்டுல ஏன் பேரு இல்லன்னு."

"நான் தேய்ச்சு அழிச்சுட்டேன்னு சொல்லுங்க," என்றாள் முத்தாரம்மாள். "ஒருக்கச் சொல்லியாச்சுல்லா, இனி தடங்கல் இல்லாம வாயில வரும்."

ஆட்டோ வந்து நின்றது. அவள் முதலில் ஏறி, அந்த ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தாள்.