ரெக்ஸ் மீன் பிடிக்கப் போயிருக்கிறார்

கேரவன் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலைகளை நீல வேலை, ரோஸ் வேலை என்று பிரித்து வைத்திருப்பார்கள். தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய், கழிவறையின் அழுக்கு சேரும் பெட்டி, காரோடு கேரவனைப் பூட்டுவது எல்லாம் நீலம், அதாவது ஆண்பிள்ளை பாடு. சமையல், படுக்கை, வண்டி ஓடும்போது அலமாரி திறந்து சாமான் கொட்டாமல் பார்ப்பது ரோஸ். யார் போட்ட சட்டம் என்று என்னைக் கேட்காதீர்கள். ரெக்ஸும் நானும் பதினாறு வருஷம் கேரவனை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறோம். அந்தக் கழிவறைப் பெட்டியை நான் ஒருநாள் தொட்டதில்லை. தொடச் சொல்லியிருந்தால் அன்றைக்கே விவாகரத்துதான்.

மேற்கே எஸ்பெரன்ஸ் வரை போவதாகக் கிளம்பினோம். செதூனாவில் கேரவன்கள் தங்கும் பார்க்கில் வண்டியை நிறுத்தி, பார்க்கின் தண்ணீர்க் குழாயை மாட்டி, எங்கள் தொட்டியின் பம்பை அணைத்தார் ரெக்ஸ். "நெஞ்சு கொஞ்சம் கனமா இருக்கு லோர்னா," என்றார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான். மகன் க்ரெய்க் வந்து அப்பாவை அடிலெய்டுக்குக் கொண்டுபோனான். காரியம் முடிந்த மறுநாளே பஸ் பிடித்து நான் கேரவனுக்குத் திரும்பிவிட்டேன். அதில் அவனுக்குக் கோபம்.

பார்க்கில் சாயங்காலம் நாலு மணியானால் எல்லோரும் மடக்கு நாற்காலியும் கையில் கோப்பையுமாக வட்டம் கட்டி உட்கார்ந்துவிடுவார்கள். இன்றைக்கு இருக்கிற முகம் நாளைக்கு இருக்காது. எங்கள் கேரவனின் முதுகில் பெரிய நீல எழுத்தில் 'ரெக்ஸ், லோர்னா, சேனல் 18' என்று ஒட்டியிருக்கிறது. ரோட்டில் பின்னால் வருகிறவர்கள் ரேடியோவில் கூப்பிட்டுப் பேசுவதற்காக எல்லோரும் இப்படி ஒட்டிக்கொள்வோம். அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள், "ரெக்ஸ் எங்கே?" என்று கேட்பார்கள். முதல் நாள் ஏதோ வாய்க்கு வந்தபடி, "மீன் பிடிக்கப் போயிருக்கார்," என்றேன். கேட்ட அம்மா சிரித்துக்கொண்டே, "அப்படின்னா ராத்திரிதான் வருவார்," என்றாள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! அந்த ஒரு சாயங்காலம் ரெக்ஸ் உயிரோடு படகுத்துறையில் உட்கார்ந்திருந்தார். ஏழு வாரத்தில் ஒரு முப்பது தடவையாவது அவரை மீன் பிடிக்க அனுப்பியிருப்பேன்.

க்ரெய்க் நேற்றுக் காலை போன் பண்ணினான்.

"அம்மா, போதும். நான் பிளேன்ல வந்து கேரவனை இழுத்துட்டு வந்துடறேன். இங்க ஒருத்தர் வாங்கிக்கறேங்கறார்."

"எதை வாங்கிக்கறார்? என் வீட்டையா?"

"நீ தனியா என்ன பண்ணப்போற? ஓட்டத் தெரியும், சரி. தண்ணி யாரு பார்ப்பா? அந்தப் பெட்டியை யாரு காலி பண்ணுவா? நீ அது பக்கத்துலகூட போனதில்லையே!"

"போறேன்டா. நாளைக்கே போறேன்."

"பத்து மணிக்குள்ள எல்லாத்தையும் நீயா காலி பண்ணி, பூட்டி, பார்க் கேட்டைத் தாண்டிட்டேன்னு போட்டோ அனுப்பு. நான் வாயைத் திறக்கல. இல்லேன்னா பதினோரு மணிக்கு டிக்கெட் போட்டுடுவேன். அப்புறம் அழக்கூடாது."

பெற்ற பிள்ளை பேசுகிற பேச்சா இது! ஆனால் அவன் சொன்னதில் ஒன்று நிஜம். நான் பார்க்கின் பொதுக் கழிவறைக்கே போய்வந்துகொண்டிருந்தேன். அந்தப் பெட்டி ஏழு வாரமாக அப்படியே இருந்தது.

இன்று காலை எட்டு மணிக்கு ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, கேரவனின் வலது பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து பெட்டியை வெளியே இழுத்தேன். அதற்குக் கைப்பிடியும் சக்கரமும் உண்டு. ஏர்போர்ட்டுக்குப் போகிறவள் மாதிரி அதை இழுத்துக்கொண்டு பார்க் முழுக்க நடந்தேன். கழிவு கொட்டுகிற இடத்தில் எனக்கு முன்னால் ஒரு மனிதர் தன் பெட்டியை அலசிக்கொண்டிருந்தார். நெவில் என்று பெயர். முந்தின நாள் வட்டத்தில் பார்த்திருந்தேன். அவரும் மனைவியும் மேற்கேதான் போகிறார்கள்.

மூடியைத் திருகிக் கழற்றினேன். ஐயோ கடவுளே, அந்த நாற்றம்! மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியைக் கவிழ்த்தேன். அது நல்லபடியாக ஊற்றாமல் குபுக், குபுக் என்று விக்கியது. மூன்றாவது விக்கலுக்கு என் கால்சட்டை முழுக்கத் தெறித்தது.

"பட்டன்! பட்டனை அமுக்குங்க!" என்று நெவில் கத்தினார். "காத்து உள்ள போகணுமில்ல? கைப்பிடிகிட்ட கட்டை விரலை வைங்க!"

வைத்தேன். சத்தமில்லாமல் கொட்டியது. ஒரு பட்டன். இத்தனை வருஷம் அந்த மனுஷன் ஒரு பட்டனை என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தார் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே? எல்லாம் நானே பார்த்துக்கிறேன், நானே பார்த்துக்கிறேன் என்று என்னைக் கையாலாகாதவளாக ஆக்கிவிட்டுப் போய்விட்டீர்களே, ரெக்ஸ்.

"இது நீல வேலையாச்சே! உங்க வீட்டுக்காரர் எங்கம்மா? பொண்டாட்டியை இதுல தள்ளிவிட்டுட்டு?"

"மீன் பிடிக்கப் போயிருக்கார்."

"கெட்டிக்கார ஆளுதான்!" என்று நெவில் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். பெட்டியை மூன்று தடவை அலசி, மருந்தை ஊற்றிக்கொண்டு திரும்பினேன். மணி எட்டே முக்கால்.

கால்சட்டையை மாற்றினேன். பெட்டியை உள்ளே தள்ளி, கழிவுநீர்க் குழாயை உதறிச் சுருட்டினேன். மிச்சமிருந்தது தண்ணீர்த் தொட்டி. அளவு காட்டும் விளக்கைப் போட்டால், பாதி.

தண்ணீர் விஷயத்தில் ரெக்ஸ் ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொல்வார். "நிரப்பு, இல்லேன்னா காலி பண்ணு. பாதியோட மட்டும் இழுக்காதே." பாதித் தொட்டி ஓட்டத்தில் அலம்பும், கேரவனை ஒரு பக்கமாக இழுக்கும். இழுக்கும்போது லேசாக இருக்கட்டும் என்று வழியில் அவர் எப்போதும் காலிதான் பண்ணுவார், வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் நிரப்பிக்கொள்வார். ஆனால் இந்தப் பாதி அவர் நிரப்பியது. எங்கள் வீட்டுக் கூரையில் விழுந்த மழைத்தண்ணீர். டீக்கு வேறு எந்தத் தண்ணீரும் ஆகாது அவருக்கு. பம்பை அவர் அணைத்த நேரத்திலிருந்து நான் அதில் ஒரு சொட்டு எடுக்கவில்லை.

கேரவனுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, தொட்டியைக் காலி பண்ணுகிற திருகில் கை வைத்தேன். கால்வாசி திருப்பினால் போதும், மண் குடித்துவிடும். மணி ஒன்பது இருபது. என்னால் முடியவில்லை. அடியில் கிடந்தபடியே, ஏழு வாரமாக அழாத அழுகையெல்லாம் அழுதேன். பக்கத்துக் கேரவன்காரர்கள் நடக்கிற காலைத்தான் பார்க்க முடிந்தது. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

அப்புறம் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, பார்க்கின் குழாயைத் தொட்டி வாயில் செருகித் திறந்தேன். காலிதான் பண்ண வேண்டும் என்று ரெக்ஸ் சொன்னாரா? நிரப்பலாம் என்றும்தானே சொன்னார். தொட்டி நிரம்பி அடியில் வழிந்தது. அவருடைய தண்ணீரும் இந்த ஊர்த் தண்ணீரும் இனிமேல் ஒன்றுதான், பிரிக்க முடியாது. அதை நினைத்து வலித்தது. இருந்தாலும் கொட்டவில்லையே என்று இருந்தது.

கேரவனைக் காரோடு பூட்டி, ஒன்பது ஐம்பத்தேழுக்குக் கேட்டைத் தாண்டி போட்டோ எடுத்து அனுப்பினேன். க்ரெய்க் ஒரே ஒரு வார்த்தை எழுதினான்: 'அம்மா!' திட்டினானா, மெச்சினானா என்று தெரியவில்லை.

ரோடு நேராகப் போனது. கேரவன் ஆடவில்லை, அலம்பவில்லை. பீநாங் என்கிற சின்ன ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரேடியோ கரகரத்தது.

"ரெக்ஸ், ரெக்ஸ், கேக்குதா? மீன் கிடைச்சுதா?" நெவிலின் குரல். "உன் வலது பக்கத்துச் சின்னக் கதவு திறந்து படபடன்னு அடிச்சுக்குது பாரு. பெட்டியை ரோட்டுல விட்டுடாதே!"

எனக்கு உயிரே போய்விட்டது. ஓரம் கட்டி நிறுத்தி ஓடிப் பார்த்தேன். பெட்டி இருந்தது. கதவைச் சாத்தியிருக்கிறேன், சாவியைத் திருப்பவில்லை. கிளம்புமுன் ரெக்ஸ் கேரவனை மூன்று சுற்றுச் சுற்றி ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்ப்பார். நான் ஒரு சுற்றுத்தான் வந்தேன். பூட்டிவிட்டுக் காரில் ஏறினேன். நெவிலின் கேரவன் சற்றுப் பின்னால், இன்ஜின் ஓட நின்றிருந்தது.

"ரெக்ஸ்? சரியாயிடுச்சா?"

மைக்கைக் கையில் எடுத்தேன்.

"ரெக்ஸ் இல்ல. லோர்னா பேசறேன்."

"அட, பொண்டாட்டியை ஓட்டவிட்டுத் தூங்கறானா? எழுப்பும்மா அவனை!"

சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. தூங்குகிறார் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து சீட்டைப் பார்த்தேன். அதில் மேப்பும் ரப்பர் கையுறையும் கிடந்தன.

"ரெக்ஸ் செத்துப் போயிட்டார் நெவில். ஏழு வாரம் ஆச்சு. நான் தனியாத்தான் வரேன்."

என் வாயால் அதை முதல் தடவையாகச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், உறவுக்காரர்களுக்கெல்லாம் க்ரெய்க் சொன்னான். நான் சொன்னதில்லை.

"கதவைப் பூட்டிட்டீங்களா?" என்றார் நெவில். குரல் மாறியிருந்தது.

"பூட்டிட்டேன்."

"தண்ணி இருக்கா? அங்கிட்டு ஒண்ணும் கிடைக்காது."

"நிறைய இருக்கு. நீங்க முன்னால போங்க."

அவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். நெவிலின் மனைவி ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்திருந்தாள். புழுதி அடங்கியதும் அந்த ரோட்டில் நான் ஒருத்திதான்.

மறுபடி கிளம்பி ஒரு மணி நேரம் இருக்கும். பின்னால் இன்னொரு கேரவன் வந்தது. முன்பின் தெரியாத, குஷியான ஒரு பெண் குரல்.

"ரெக்ஸ், லோர்னா, வணக்கம்! ரெண்டு பேரும் எங்க கிளம்பிட்டீங்க?"

எஸ்பெரன்ஸுக்கு இன்னும் ஆயிரத்துக்கு மேல் கிலோமீட்டர் இருக்கிறது. பின்னால் வருகிற ஒவ்வொருவரும் கேரவன் முதுகில் இருக்கிற அந்தப் பெயர்களைப் படிப்பார்கள், ஒவ்வொருவரும் கூப்பிடுவார்கள். ரேடியோவை அணைக்கலாம். வண்டியை நிறுத்தி அந்த எழுத்தைச் சுரண்டி எடுக்கலாம், க்ரெய்க்கூட முன்பே ஒருதடவை அப்படிச் சொன்னான். நான் மைக்கை எடுத்தேன்.

"ரெக்ஸ் செத்துப் போயிட்டார்ம்மா. லோர்னா மட்டும்தான்," என்றேன்.

இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.