குழந்தைகள் வார்டின் கதவு

பூட்டினால்தான் நிம்மதி என்கிறவர்களிடம் தீயைப் பற்றி எப்படிப் பேசுவது? அதுவும், தானே அப்படி ஒருத்தியாக இருந்துகொண்டு?

ஏணியின் மேல் நின்றபடி அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கூரைப் பலகை ஒன்றை நகர்த்திய இடத்தில் சிவப்பு வயர்கள் தொங்கின. கீழே, பிறந்த குழந்தைகள் வார்டின் கண்ணாடிக் கதவு. காந்தப் பூட்டு அதைக் கவ்விப் பிடித்திருந்தது. எங்காவது புகை தட்டுப்பட்டு மணி அடித்தால் பூட்டுக்குப் போகும் மின்சாரம் நின்று, கதவு தானாக விடுபடும். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி முழுக்கத் தீ எச்சரிக்கை மணி பொருத்தும் வேலை முடிந்துவிட்டது. இந்த ஒரு கதவுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

போன வாரம் நர்ஸ்கள் அறையில் யாரோ ரொட்டியைக் கருக விட்டார்கள். மணி அடித்தது, கதவு திறந்தது. ஒரு குழந்தையின் சித்தி, அக்கா குளியலறையில் இருக்கும்போதே பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, படியிறங்கி வண்டி நிறுத்துமிடம் வரை போய்விட்டாள். அந்தத் தாய் அலறிய அலறலில் ஆஸ்பத்திரியே கூடிவிட்டது.

"மணி அடிச்சா ஓடணும்னு நீங்கதானே சொன்னீங்க? எல்லார்கிட்டயும் நின்னு சொல்லிட்டா போவாங்க?" என்றாள் சித்தி. சொல்லிக்கொடுத்தபடி நடந்தவள் அந்தச் சித்தி ஒருத்திதான். திட்டு வாங்கியவளும் அவளே.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

கணவனின் அண்ணன் ஏணியடியில் வந்து நின்றார். காண்ட்ராக்ட் அவருடையது, அவள் அவரிடம்தான் வேலை பார்க்கிறாள்.

"தலைமை நர்ஸ் ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. மணி அடிச்சாலும் இந்தக் கதவு திறக்கவே கூடாதாம். பூட்டுக்கு நேரா கரண்ட் குடுத்துடு. அலாரம் பேனல்ல மட்டும் கதவு திறந்த மாதிரி பச்சை விளக்கு எரியட்டும். நாளைக்குச் சோதனைக்கு வர்றவங்க விளக்கைத்தான் பாப்பாங்க."

"நெஜமாவே தீப்பிடிச்சா?"

"திறக்கிற கார்டு நர்ஸ் கழுத்துல தொங்குதே."

"அவங்க ரெண்டு கையிலயும் குழந்தை இருக்கும், அத்தான்."

அவர் சிரித்தார். "வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ மட்டும் என்ன? எங்கப்பாவை உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தானே தினமும் வேலைக்கு வர்றே? நான் ஏதாவது கேட்டேனா?"

அவளுக்குக் காது சூடேறியது. மாமனாருக்கு நினைவு தப்பத் தொடங்கி, ஒருநாள் செருப்புக்கூட இல்லாமல் பெரிய சாலை வரை போய்விட்ட பிறகு வந்த வழக்கம் அது. இன்று காலை சாவியைத் திருப்பும்போது உள்ளேயிருந்து, "யாரு? யாரு போறது?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. சொன்னால் கதவருகே வந்துவிடுவார்.

நாம் இருவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தானே என்கிறார் இவர். பொய்யில்லை. ஆனால் ஒரு பூட்டுக்காக இன்னொரு பூட்டா?

அவள் இறங்கி வந்தாள். பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள்.

"மாமாவுக்குச் சாப்பாடு நேரமாச்சு. இன்னிக்கு நீங்க போய்த் திறந்து விடுங்க, அத்தான். நான் வர்ற வரைக்கும் கூட உக்காந்திருங்க. நாளைலேருந்து என்ன பண்றதுன்னு எல்லாருமா உக்காந்து பேசலாம்."

அவர் சாவியையே பார்த்தார். "அது கெடக்கட்டும். இந்த வயரு?"

"நான் தொட மாட்டேன்."

"நீ இல்லன்னா வேற ஆளு."

"தெரியும்," என்றாள். சாவியை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு மறுபடி ஏணியேறி, வயர்களை இருந்தபடியே உள்ளே தள்ளி, பலகையை மூடினாள்.