நடுக்கோட்டுக்குக் கிழக்கே

1967 பிப்ரவரிக்குப் பிறகு மார்லிஸ் டெய்டன் எங்கள் ஊரின் மேற்குப் பாதியில் கால் வைத்ததில்லை. ஆல்டர் ப்ரேரி உயர்நிலைப்பள்ளி விளையாட்டுக்கூடத்தின் நடுக்கோடு அவளுக்குச் சுவரோடு நிற்கவில்லை. வடக்கே சோளக்கொல்லைகள் வழியாக மினசோட்டா எல்லைக்கு அப்பாலும், தெற்கே மிசௌரிக்கு அப்பாலும் அது முடிவில்லாமல் போனது. புருஷன் மெர்லோடு காரில் சுற்றி அவளே சோதித்துப் பார்த்திருக்கிறாள். கோட்டருகே வந்தால் கால் எழும்பும், எழும்பிய இடத்திலேயே இறங்கும். காரில் இருந்தால் என்ஜின் அணைந்துவிடும். வலியெல்லாம் கிடையாது. கிழக்கே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். சிகாகோவுக்குப் போனாள், ஒரு கோடையில் அட்லாண்டிக் கடலில் கால்கூட நனைத்தாள். கோட்டுக்கு மேற்கே இருந்த தெருமுனை வங்கிக்கு மட்டும் மெர்லைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் அயோவா மாநிலத்தில் பெண்கள் கூடைப்பந்துக்கு அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் காவல், மூன்று பேர் தாக்குதல். நடுக்கோட்டை ஒருத்தியும் தாண்டக் கூடாது. காவல்காரி எதிராளியிடமிருந்து பந்தைப் பிடுங்கிக் கோட்டுவரை கொண்டுவந்து அந்தப் பக்கம் எறிந்துவிட வேண்டும். கூடை போடுவதும் கைதட்டல் வாங்குவதும் அந்தப் பக்கத்துக்காரிகள். மார்லிஸ் நான்கு வருஷம் ஆடியும் ஒரு பந்தைக்கூடக் கூடையை நோக்கி எறிந்ததில்லை. அவள் எறிந்ததெல்லாம் தாக்குதல்காரி ஆர்டிஸ் க்ளேவின் கைக்குத்தான். கடைசி ஆட்டத்தன்று பனிப்புயலில் மின்சாரம் போனது. இன்னும் சில நிமிஷ ஆட்டம் பாக்கி இருக்கும்போதே, எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள் என்று நடுவர் இருட்டில் கத்தினார். இறுதி மணி அடிக்கவே இல்லை. ஆர்டிஸின் அறுபத்தொரு புள்ளிகள் செய்தித்தாளில் வந்தன. மார்லிஸ் கிழக்கு வாசல் வழியாகவும் ஆர்டிஸ் மேற்கு வாசல் வழியாகவும் வெளியே போனார்கள். மற்ற பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை. டுபுக் நகரத்து டாக்டர் மார்லிஸின் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். காவல்காரிகளுக்கு வரும் கோளாறு என்று ஊர் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டு விதைப்பு வேலையைப் பார்க்கப் போனது.

ஆர்டிஸ் வங்கிக்காரனைக் கட்டிக்கொண்டாள். விடுமுறை என்றால் டென்வர், கலிபோர்னியா என்று கிளம்பிவிடுவாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று மார்லிஸோடு வாய் ஓயாமல் பேசுவாள், ஆனால் ஒரு நாள்கூட வீட்டுக்கு வந்ததில்லை. ருபார்ப் பைப் பலகாரம் சுட்டிருக்கிறேன் வா என்று கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பாள். பணக்காரி ஆகிவிட்டாள், நம் வீட்டு வாசல் அவளுக்கு ஆகாது என்று மார்லிஸ் மனசுக்குள் வெந்துகொண்டிருந்தாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். மெர்ல் இறந்ததுதான் அவளைப் புரட்டிப் போட்டது. கல்லறைத் தோட்டம் மேற்கே இருந்தது. சவ ஊர்வலம் மெயின் தெருவில் கோட்டைத் தாண்டியது, அவள் இருந்த கார் மட்டும் நின்றுவிட்டது. இறங்கி நின்று, கடைசி காரும் கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தாள். அன்றிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்க் கோட்டோரமாக வடக்கும் தெற்கும் நடப்பாள். அந்த நடையில் பள்ளிக்குப் பின்னால் இருந்த புல் செத்து ஒரு தடமே விழுந்துவிட்டது.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒரு ஜனவரியில் பள்ளி விளையாட்டுத் துறைக்காரர் டுவேன் ப்ரூக்மேன் அவளைத் தேடி வந்தார். வயது நாற்பதுக்குள், அந்த ஆறு பேர் ஆட்டத்தை நேரில் பார்க்காதவர். பள்ளியின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புகழரங்கச் சுவர் முழுக்கக் கூடை போட்டவர்களின் படங்கள்தான். தடுத்த பந்துகளை யாரும் எண்ணி வைக்காததால் ஒரு காவல்காரிகூட அதில் ஏறியதில்லை, அது அவரை உறுத்தியிருக்கிறது.

"இந்த வருஷம் உங்களத்தான் ஏத்துறோம், மிஸஸ் டெய்டன். மேற்குக் கூடைக்குக் கீழ வச்சு விருது."

"என் கதை உனக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும். நீங்க கோடு வரைக்கும் வாங்க, மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்."

"பேர் வாசிச்சதும் மணி அடிப்பீங்கதானே?"

"வழக்கமா அடிக்கிறதுதான்."

மார்லிஸ் அந்த மணியைத்தான் பிடித்துக்கொண்டாள். அடிக்காமல் விட்ட மணி அன்றைக்கு அடிக்கும், ஆட்டம் முடியும், கோடு போய்விடும். விருதை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், அவள் நேராக மெர்லின் கல்லறைக்குப் போய்விடுவாள். அதன்பிறகு அவள் கால் தரையில் பாவவில்லை. துணி துவைக்கும்போதும் நடந்தாள், தொலைபேசியில் பேசும்போதும் நடந்தாள். விழா நாளில் நீலநிற நல்ல கவுனுக்குக் கீழே பனி பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். வாசலில் கழற்றி வைக்கலாமே என்றார் டுவேன். முடியாது என்றுவிட்டாள்.

பெண்கள் ஆட்டம் முடிந்து ஆண்கள் ஆட்டம் தொடங்குவதற்கு முன் பெயரை வாசித்தார்கள். மார்லிஸ் கோட்டில் வந்து நின்றாள். புள்ளிப் பலகையின் மணி நீளமாக அடித்தது, காது அடைத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு வலது காலைத் தூக்கினாள். கால் எழும்பிய இடத்திலேயே இறங்கியது. மறுபடி தூக்கினாள், மறுபடியும் அங்கேயே இறங்கியது. அது மரியாதைக்கு அடித்த மணி, ஆட்டத்துக்கு அடித்ததில்லை என்று மேல்வரிசையில் யாரோ சொன்னார்கள், சரிதான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். மார்லிஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டுவேன் சமாளித்தார். முன்பே புகழரங்கத்தில் ஏறியவர் என்று ஆர்டிஸைக் கூப்பிட்டு விருதுப் பலகையைக் கையில் கொடுத்து, கோட்டைத் தாண்டிப் போய்க் கொடுங்கள் என்று அனுப்பினார். ஆர்டிஸ் கோடுவரை வந்தாள். வந்து நின்றுவிட்டாள்.

"ரெண்டடி எடுத்து வைக்க உனக்கு அவ்ளோ கௌரவமா?" என்றாள் மார்லிஸ். "மெர்ல் செத்தப்பகூட என் வாசப்படி மிதிக்கலயேடி நீ!"

ஆர்டிஸின் முகம் சுண்டிவிட்டது. "கத்தாத. என்னாலயும் தாண்ட முடியாதுடி."

"என்னது?"

"அந்தப் பனிப்புயல்லேருந்துதான். வங்கி, சர்ச், கடை எல்லாம் இந்தப் பக்கம். யாருக்குத் தெரியப் போகுது?"

"அடிப்பாவி! என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"காவல்காரிக்கு வர்ற கோளாறுன்னு ஊரே சொல்லுது. அறுபத்தொரு பாயிண்ட் போட்டவ நான், எனக்கும் அதேதான்னு எப்படிச் சொல்வேன்? சாவு வீட்டுக்கு வரணும்னு கிளம்பி வந்தேன்டி. மெயின் தெருவுல கார் நின்னுபோச்சு. உன் ருபார்ப் பை எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது."

மார்லிஸ் மூக்கை உறிஞ்சினாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள். "எறி."

ஆர்டிஸ் எறிந்தாள். கனமான வால்நட் மரப்பலகை. மார்லிஸ் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். இந்த இருவருக்கும் நடுவே ஒரு பொருள் மேற்கிலிருந்து கிழக்கே வந்தது அதுதான் முதல்முறை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மார்லிஸ் அதைக் காதில் வாங்காமல் பலகையைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினாள்.

"என்னடி பண்ற?"

"உனக்கும் எனக்கும் ஒரே அளவுதானே. போட்டுக்கிட்டுப் போ, கல்லறைத் தோட்டத்துல பனி முழங்கால் வரைக்கும் கிடக்கும். மூணாவது வரிசை, பைன் மரத்துக்குப் பக்கத்துல. அவருக்கு என் நடைச் சத்தம் தெரியும்."

ஒவ்வொரு பூட்ஸாகக் கோட்டுக்கு மேல் எறிந்தாள். ஆர்டிஸ் இரண்டையும் பிடித்தாள்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்கள் பைன் மரத்தருகே பூட்ஸ் தடங்களைப் பார்த்தார்கள். வலது குதிகால் தேய்ந்த தடம், மார்லிஸுடையது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மார்லிஸ் டெய்டன் புருஷனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள், யாரும் அதைத் திருத்தவில்லை. பள்ளிக்குப் பின்னால் புல் மறுபடி முளைத்தது. மே மாதம் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நினைவு நாளில் மார்லிஸ் பியோனிப் பூக்களைக் காபி டப்பாவில் செருகி மெயின் தெருவில் கோட்டுக்கு மேல் எறிவாள், பை சுட்டால் அதையும் எறிவாள். ஆர்டிஸ் கீழே விட்டதில்லை. பூட்ஸ் மேற்கிலேயே இருக்கிறது.