கைதட்டல் நேரத்துப் பூட்டு

எங்கள் பூட்டுத் தொழிற்சாலைக்குச் சந்தோஷம் ஒரு திங்கட்கிழமை காலை வேனில் வந்து இறங்கியது. பலூன் மூட்டை ஒன்று, ஒலிபெருக்கி ஒன்று, மஞ்சள் பெயின்ட் நாலு டப்பா. பின்னாலேயே முதலாளியின் மருமகளும் இறங்கினார்.

முதலாளியை நாங்கள் பெரியவர் என்போம். முப்பது வருடத்தில் எங்களைப் பார்த்து ஒரே ஒருமுறை சிரித்திருக்கிறார். அது சிரிப்பே இல்லை, தும்மல் என்று சொல்கிற கட்சியும் உண்டு. மருமகள் அப்படியில்லை. எங்கேயோ போய் ஆறு வாரம் படித்துவிட்டு வந்திருந்தார். வேலை செய்கிற ஆள் சிரித்தால் வேலை தானாக நடக்கும் என்று படித்தாராம்.

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு மணி அடிக்கும். கையில் என்ன இருந்தாலும் அப்படியே வைத்துவிட்டு முற்றத்தில் வட்டமாக நிற்க வேண்டும். பத்து நிமிடம் கைதட்ட வேண்டும். பிறகு பக்கத்து ஆளின் கண்ணைப் பார்த்து "நீங்க அருமையான ஆளு" என்று சொல்ல வேண்டும். எனக்குப் பக்கத்து ஆள் சாவி வெட்டுகிறவன். பூட்டின் உள்பாகங்களை ராவுவதும் அவன்தான். அவனுக்கு அரம் என்று பெயர்; அவன் பேசினால் எதிரே இருக்கும் பித்தளை இளைத்துவிடும்.

"நீங்க அருமையான ஆளுண்ணே," என்பான். "யாரோ சொன்னாங்க. நான் பாத்ததில்ல."

வாசலில் நின்று, முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் மருமகள் உள்ளே விடுவார். பாலிஷ் போடுகிறவர் ஒருவருக்கு மூன்றாவது வாரம் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அதோடு ஒரு துக்க வீட்டுக்குப் போனார். அங்கே கிடைத்த மரியாதையில்தான் தாடை கீழே இறங்கியது. நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக இதைப் பாதியாக்கித்தான் சொல்லியிருக்கிறேன்.

என் வேலை சோதனை மேசை. பூட்டை அதன் சாவியால் இருபது தடவை திறப்பேன். வேறு சாவிகள் இருபதைப் போட்டுத் திறக்கவில்லை என்று பார்ப்பேன். கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் பத்து அடி அடிப்பேன். எல்லாம் சரியென்றால் பூட்டின் நெற்றியில் ஏழு என்று குத்துவேன். ஏழு என் எண். முப்பத்தொரு வருடத்தில் ஏழு குத்திய பூட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. என் பெயர் சந்தேகம். பெற்றவர்கள் வைத்தது வேறு. அது சம்பள நோட்டில் இருக்கிறது.

இனி அந்தப் பூட்டு.

எட்டு நெம்புப் பூட்டு. உள்ளே எட்டு நெம்புத் தகடுகள்; சாவி எட்டையும் சரியான உயரத்தில் நிறுத்தினால்தான் திறக்கும். கதவை இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். திறக்க மட்டும் சாவி வேண்டும், உள்ளேயிருந்தாலும் வெளியேயிருந்தாலும். அந்த ரகத்தில் முதல் பூட்டு என் மேசைக்கு வந்தபோது மணி பத்தாக இரண்டு நிமிடம். சாவியை எடுத்தேன். மணி அடித்தது. நிமிர்ந்தால் மருமகள்.

"ஐயா, வட்டம் உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

"ஒரு பூட்டும்மா. அஞ்சு நிமிஷம்."

"பூட்டு ஓடிடாது ஐயா. சந்தோஷம் ஓடிடும்."

திரும்பி வந்து சோதித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் கைக்கு முப்பத்தொரு வருடப் பழக்கம். பூட்டைக் கீழே வைக்கிற கை, குத்திவிட்டுத்தான் வைக்கும். குத்திவிட்டது. கைதட்டிவிட்டு வந்து பார்த்தால் மேசை காலி. மருமகள் சொன்னார் என்று தச்சர் அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பழைய சாவி அறைக் கதவில் பொருத்திக்கொண்டிருந்தார்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கதவை யாரும் சாத்திப் பார்க்கவும் இல்லை. அன்று ஆரம்பித்தது என் வலது கால் ஆட்டம். சாப்பிடும்போது ஆடியது. தூங்கும்போது ஆடியது. "கட்டில எங்கியாவது ஓட்டிக்கிட்டுப் போறீங்களா?" என்று வீட்டுக்காரி கேட்டாள்.

பத்தாம் நாள் வியாழக்கிழமை. விடுதிக் கட்டடங்களுக்கு எட்டு நெம்புப் பூட்டு ஆயிரம் வேண்டும் என்று ஒருவர் நாலு மணிக்கு வருவதாக இருந்தது. மூன்று மணிக்கு மருமகள் எங்கள் நாலு பேரைப் பழைய சாவி அறைக்குக் கூப்பிட்டார். நான், அரம், நெம்புக்கு ஸ்பிரிங் வைக்கிற ஸ்பிரிங் அக்கா, பொட்டலம் கட்டுகிற பொட்டலம். எங்கள் கைப்பேசிகளை ஒரு கூடையில் வாங்கி வெளியே வைத்தார். தானும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

க்ளிக்.

"சத்தத்தைக் கேளுங்க. வெண்ணெய் மாதிரி," என்றான் அரம். என் கால் ஆடத் தொடங்கியது.

"இது ஒரு ஆட்டம்," என்றார் மருமகள். "சாவி இந்த ரூம்லதான் இருக்கு. எல்லாரும் ஒண்ணு சேந்து கண்டுபிடிச்சா வெளிய போகலாம். நாலு மணிக்கு அவர் வர்றப்போ நாம சிரிச்சுக்கிட்டே வெளிய வரணும்."

"எங்கம்மா ஒளிச்சீங்க?"

"யாருக்கும் தோணாத இடத்துல." அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "சாவிங்களோட."

மூலையில் இடுப்பு உயர டிரம். எட்டு நெம்புக்குச் சாவி வெட்டிப் பழகியபோது அரம் கெடுத்த சாவிகள் அத்தனையும் அதில் கிடந்தன. ஆயிரத்துக்குக் குறையாது. எல்லாம் ஒரே அச்சு, பல் மட்டும்தான் வேறே.

"பயப்படாதீங்க. நம்ம சாவில சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கேன்."

டிரம்மைக் கவிழ்த்தோம். ரிப்பன் இல்லை. மருமகள் நிமிர்ந்து பார்த்தார். கூரையில் பலூன்கள் தொங்கின. ஒவ்வொன்றும் சிவப்பு ரிப்பனில் கட்டியிருந்தது.

"நான்தான் கட்டினேன்," என்றார் ஸ்பிரிங் அக்கா. "நேத்து ரிப்பன் பத்தல. அங்கங்க கெடந்ததெல்லாம் பொறுக்கிக் கட்டுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இன்னொரு சாவி இருக்குமே?" என்று மருமகளைக் கேட்டேன்.

"அதையும் இதுலயே போட்டேன். ஆட்டம் சீக்கிரம் முடியட்டும்னு."

மருமகள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பயிற்சி எடுத்த சிரிப்பு, எளிதில் கலையாது. ஆனால் கண் இரண்டும் அந்தச் சிரிப்பை விட்டு விலகிப்போய் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அக்கா எடுத்துக் கொடுக்க, அரம் போட்டுத் திருக, திறக்காததை வாங்கிப் பொட்டலம் வாளியில் போட்டான். டங். டங். டங். பத்து, இருபது, நாற்பது.

நான் சுவருக்கும் சுவருக்கும் நடந்தேன். ஏழு தப்படி போக, ஏழு தப்படி வர. எனக்கு மட்டும் ஒன்று தெரியும். அந்தப் பூட்டு தன் சொந்தச் சாவிக்கும் திறக்காமல் போகலாம். சரியான சாவி இந்நேரம் வந்து, திருகி, திறக்காமல், வாளியில் விழுந்திருக்கலாம். இன்னும் ஆயிரம் சாவி போட்டாலும் அவ்வளவுதான். சொன்னால் ஏழு போய்விடும். சொல்லாவிட்டால் டங்.

"அண்ணே, கொஞ்சம் ஒக்காருங்க. நீங்க நடக்குறதப் பாத்தா எனக்கு முட்டுது," என்றான் பொட்டலம். அவன் ஏற்கெனவே ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான்.

"உனக்கு எப்பதான் முட்டல?" என்றான் அரம். "பொறந்ததுலேர்ந்து அவசரத்துலதான் இருக்க."

"சிரிக்க வைக்காத. ஆபத்து."

மணி மூன்றே முக்கால். கதவு தட்டும் சத்தம். பெரியவர்.

"என்ன நடக்குது உள்ள?"

"சந்தோஷமா இருக்கோம் மாமா!" என்றார் மருமகள்.

"வெளிய வந்து சந்தோஷமா இருங்க. அவர் வந்தாச்சு. டீ குடிக்கிறார்."

"வர முடியல மாமா. சாவியத் தேடுறோம்."

வெளியேயிருந்து அவர் கதவை இழுத்துப் பார்த்தார். பிறகு, "கதவ ஒடைக்கச் சொல்லட்டா?"

"ஐயோ வேணாம் மாமா! அவர் கண்ணு முன்னாடியா?"

டங். டங். இருநூறு தாண்டிவிட்டது. பொட்டலம் வாளியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். மருமகள் ஒவ்வொரு சாவிக்கும் "அடுத்தது, அடுத்ததுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குரல் உடையத் தொடங்கியது. "இது நடக்கலன்னா மாமா என்னை இந்தப் பக்கமே விட மாட்டார்," என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். என் கால் ஆடிய ஆட்டத்தில் அலமாரியிலிருந்து ஓர் எண்ணெய்க் குப்பி தானாக நகர்ந்து வந்து கீழே விழுந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள்; வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம்.

"நிறுத்துடா," என்றேன்.

அரம் திரும்பினான்.

"அந்தப் பூட்ட நான் சோதிக்கல."

டங் நின்றது.

"ஏழு குத்தியிருக்கே, அண்ணே?"

"குத்தினேன். சோதிக்கல. பத்து மணி அடிச்சுது, கைதட்டப் போயிட்டேன். சரியான சாவி வந்து போயிருக்கலாம். தப்பு என்னுது."

எங்கள் தொழிற்சாலையில் அந்தச் சொல்லை அதுவரை யாரும் கேட்டதில்லை. அங்கே தப்பெல்லாம் பித்தளையுடையது, மெஷினுடையது, லீவில் இருக்கிற ஆளுடையது. அரம் என்னைத் தோலுரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அன்னிக்கு எட்டாவது நெம்ப நான் பாதிதான் ராவினேன்," என்றான். "மணிக்கு முன்னாடி முடிக்கணும்னு. ஓரத்துல பிசிறு இருக்கும்."

"அப்ப நானும் சொல்லிடறேன்," என்றார் ஸ்பிரிங் அக்கா. "எட்டாவது ஸ்பிரிங்க தலகீழா வெச்சேனோன்னு அன்னிலேர்ந்து உறுத்துது. கையில பாதி பலூன், பாதி ஸ்பிரிங். பலூன சரியா கட்டிட்டேன்."

"நான் அந்தப் பூட்டத் தொடவே இல்ல," என்றான் பொட்டலம். எல்லோரும் அவனையே பார்த்தோம். "ஆனா போன மாசம் ஒரு பெட்டியில பூட்டுக்குப் பதிலா என் சாப்பாட்டு டப்பாவ வெச்சு அனுப்பிட்டேன். இன்னும் அவங்க ஒண்ணும் சொல்லல."

மருமகள் கீழே கிடந்த சாவிக் குவியலின்மேல் உட்கார்ந்தார். முகத்திலிருந்த சிரிப்பு அப்போதுதான் போயிற்று. "அந்த ஆறு வாரப் படிப்பு," என்றார். "ரெண்டு வாரம்தான் போனேன். மிச்ச நாளெல்லாம் எதிர்க் கட்டடத்துப் படியில ஒக்காந்திருந்தேன்."

"ஏம்மா?"

"அங்க தினமும் கைதட்டச் சொன்னாங்க. எனக்கு அது பிடிக்காது."

சிரிப்பு முதலில் யாருக்கு வந்தது என்று தெரியவில்லை. அக்காவுக்கு என்றுதான் நினைக்கிறேன். அரம் சிரித்து அன்றுதான் பார்த்தேன்; அவனுக்கு மேல் பல் இரண்டு கிடையாது என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மருமகள் இரண்டு கையிலும் சாவிகளை அள்ளி வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வேணாம், வேணாம்," என்று பொட்டலம் சுவரைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

சிரிப்பு அடங்கியதும் அக்காதான் சொன்னார். ஸ்பிரிங் தலைகீழ் என்றால் நெம்பு மேலேயே மாட்டிக்கொள்ளும். பிசிறும் இருந்தால் கேட்கவே வேண்டாம். சரியான சாவியைத் திருகும்போது பூட்டின் மேல் பக்கம் ஓர் அடி கொடுத்தால் இறங்கும். கொட்டாப்புளி என் இடுப்பில்தான் இருந்தது. வாளியைக் கவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பித்தோம். அரம் திருக, நான் ஓர் அடி. எண்ணிக்கையை எல்லோரும் சேர்ந்து கத்தினோம். இப்போது நான் நடக்கவில்லை. கால்தான் தன் போக்கில் தாளம் போட்டது.

நூற்றுப் பதினாலாவது சாவிக்கு அடி விழுந்ததும் கதவு திறந்தது.

வாசலில் பெரியவர். அவர் பக்கத்தில் டீக் கோப்பையோடு வாங்க வந்தவர். பொட்டலம் இருவருக்கும் நடுவில் புகுந்து ஓடினான். வாங்க வந்தவர் கோப்பையைப் பத்திரமாக மேலே தூக்கிக்கொண்டார்.

பிறகு குனிந்து பூட்டைப் பார்த்தார். "இந்த ஏழு யாரு?"

"நான்தான். ஆனா இத…"

"சோதிக்கல. கேட்டுது. கதவு மெலிசு." நிமிர்ந்தார். "பூட்டு வாங்கற எல்லா எடத்துலயும் எங்ககிட்ட தப்பே வராதுன்னுதான் சொல்வாங்க. எந்தத் தப்பு எத்தனை மணிக்கு நடந்ததுன்னு இங்கதான் கேட்டேன்." கோப்பையைக் காலி செய்தார். "ஆயிரம் வேணாம். எழுநூறு கொடுங்க. பத்து மணிக்குள்ள செஞ்சதா இருக்கணும்."

அவர் போனதும் ஏழு குத்துகிற உளியைப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கினார், புரட்டிப் பார்த்தார், திரும்ப என் கையிலேயே வைத்தார்.

"அந்த ஏழ அழிச்சிடுங்க. பூட்டச் சரி பண்ணிச் சோதிச்சிட்டு, பக்கத்துல இன்னொண்ணு குத்துங்க."

அப்போது அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. தும்மல் கட்சிக்காரர்கள் அவசரமாகக் கைக்குட்டையை நீட்டினார்கள்.

மறுநாள் பத்து மணிக்கும் மணி அடித்தது. கைதட்டல் கிடையாது. மேசையில் இருப்பதை முடித்துவிட்டு வருகிறவர்கள் வரலாம், நேற்று செய்த தப்பை ஒருவர் சொல்லலாம் என்றார் மருமகள். சொல்கிறவருக்குப் பழைய சாவி அறைக் கதவில் கொட்டாப்புளியால் ஓர் அடி அடிக்கிற உரிமை உண்டு. முதலில் மூன்று பேர் வந்தோம். ஒரு மாதத்தில் முற்றத்தில் இடம் போதவில்லை. பக்கத்துப் பெயின்ட் தொழிற்சாலையிலிருந்தும் நாலு பேர் மதில் ஏறிக் கேட்கிறார்கள். அவர்களிடமும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

ஒரு நாள் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. முந்தின நாள் ஒரு தப்பும் செய்யவில்லை. என் முறையை விடவும் மனமில்லை. கால் வேறு ஆடத் தொடங்கிவிட்டது. நல்லதாக ஒன்றைக் கட்டிச் சொல்லிவிட்டு, கதவில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அதையே என் தப்பாகச் சொன்னேன். இரண்டாவது அடி.