பீரோ, தவளை, அக்காவின் காது

1

இந்தக் கதை முதலில் என் இடுப்பில்தான் பிடித்துக்கொண்டது. அக்காவின் ஆம்ப்ளிஃபயரை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தோம். படிக்கட்டின் திருப்பத்தில் "மெதுவா, மெதுவா" என்று அவள் கத்தியபோது எனக்குள் ஏதோ சுரீரென்று இழுத்தது. அந்தப் பெட்டிக்கு எங்கள் வீட்டில் பீரோ என்று பெயர். பாட்டுக் கச்சேரிகளில் பேஸ் கிடார் வாசிக்கிறவள் அக்கா. தடித்த தந்திகள் நான்கு உள்ள, அடிவயிற்றில் முழங்கும் கிடார் அது. அந்த முழக்கத்தைப் பெரிதாக்கி வெளியே தள்ளுவது பீரோவின் வேலை. அதைத் தூக்கிக்கொண்டு அலைவது என் வேலை.

வண்டியில் ஏற்றிவிட்டு மூச்சு வாங்கக் கேட்டேன். "இப்பல்லாம் கைக்கு அடக்கமா சின்னச் சின்னதா வருதேக்கா. இத ஏன் இன்னும் கட்டிட்டு அழற?"

"இது பின்னாடி இருந்தாத்தான்டா நான் என்ன வாசிக்கிறேன்னு எனக்கே தெரியுது. காதுல இல்ல, கால்ல."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. வண்டிக் கதவைச் சாத்தினாள். "யார்கிட்டயும் சொல்லாத."

கதை எழுதுகிற தம்பியிடம் போய் இப்படி ஒன்றைச் சொல்வது [இங்கே ஓர் உவமை இருந்தது. அக்கா படிப்பாள் என்பதால் எடுத்துவிட்டேன்.]

2

முதல் தொடக்கம்: "பேஸ் கிடார் என்பது ஒரு வீட்டின் அஸ்திவாரம் போல, கண்ணுக்குத் தெரியாமல்" என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்தினேன். பேஸைப் பற்றி எழுத உட்காரும் எல்லாரும் அஸ்திவாரத்தைத்தான் தோண்டுகிறார்கள்.

இரண்டாவது தொடக்கத்தில் கொஞ்சம் தந்திரம் செய்தேன். யார்கிட்டயும் சொல்லாதே என்றுதானே சொன்னாள்? ஆளை மாற்றிவிட்டால் சொன்னதாகாதே. அக்காவை ஓர் ஆணாக்கினேன். பேஸை வயலினாக்கினேன். மூன்று பக்கம் வளர்ந்த பிறகு மனசாட்சி உறுத்தியதால் அவளிடமே காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தாள்.

"யார்ரா இந்த ஆளு? பக்கத்துக்குப் பக்கம் கண்ணத் தொடச்சிட்டே இருக்கான்."

"அது நீதான்க்கா."

"நானா? சரிதான். அது கெடக்கட்டும், வயலின்காரனுக்குக் கீழ்ச் சத்தம் கேக்கலன்னா அவனுக்கு என்ன நஷ்டம்? பின்னாடி பஸ் வர்றது தெரியாது. அவ்வளவுதானே?"

கதையின் மர்ம முடிச்சு என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை இப்படிப் போகிற போக்கில் அவிழ்த்துவிட்டாள். ஆகவே வாசகரே, உங்களிடமும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குத் தாழ்ந்த ஒலிகள் கேட்பதில்லை. அடுக்களையில் இருந்துகொண்டு நான் முணுமுணுத்தால் வாசலிலிருந்து பதில் சொல்வாள். குயில், சைக்கிள் மணி, போனில் பேசும் குரல் எல்லாம் கேட்கும். லாரி இரைச்சலும் இடி முழக்கமும் கேட்காது. காது மருத்துவர், இது அரிதாக வருவது, கீழிருந்து தொடங்கி மெல்ல மேலேறும், எவ்வளவு மெல்ல என்று சொல்ல முடியாது என்றார். உலகத்தில் எத்தனையோ வாத்தியம் இருக்க, பேஸ் வாசிக்கிறவளைத் தேடி வந்திருக்கிறது.

"காது போன வாத்தியக்காரிய யாருடா குழுவுல வெச்சுப்பாங்க?" என்று பீரோவை வண்டியில் ஏற்றிய அன்று கேட்டாள். அவளுக்கு இருந்த பயம் இது ஒன்றுதான். காது போவதைவிட, மேடையில் தன் இடம் போய்விடுமோ என்ற பயம்.

3

[இந்தப் பகுதியில் அவளுடைய இளமைக்காலம் வருவதாக இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பத்தி மட்டும் தப்பியது.]

கல்லூரியில் நண்பர்கள் சேர்ந்து குழு ஆரம்பித்தபோது ஆளுக்கொரு வாத்தியத்தை எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்தது பேஸ். இரவலாக வந்த அதன் கழுத்து வளைந்திருந்தது, தந்திகள், கழுத்தில் சுரத்துக்கு ஒன்றாகப் பிரித்த கட்டங்களுக்கு வெகு உயரத்தில் நின்றன. அழுத்தி அழுத்தி விரல் நுனியெல்லாம் கொப்புளம். அந்த மட்டமான வாத்தியத்தை இன்றுவரை ஒரு வார்த்தை திட்டமாட்டாள். "அது குடுத்த கைதான்டா இது" என்று இடது கையை விரித்துக் காட்டுவாள்.

கேட்பது குறைந்ததும் அவள் செய்த முதல் காரியம் செருப்பைக் கழற்றியது. பலகை மேடையில், பீரோவுக்கு முன்னால் வெறுங்காலோடு நின்றால் ஒவ்வொரு சுரமும் பாதத்தின் வழியே முழங்கால்வரை ஏறும். எது எங்கே அதிர்கிறது என்று கால் பழகிக்கொண்டது. குழுவை நடத்தும் பாடகி* இதைக் கலைபக்தி என்று எடுத்துக்கொண்டு, மற்றவர்களிடம் "இவங்களப் பாத்துக் கத்துக்கோங்க" என்றாராம். அக்கா தலையைக் குனிந்துகொண்டாளாம். அதுவும் அடக்கம் என்று பெயர் வாங்கியது.

* பாடகியைப் பற்றி: வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாகக் கோபப்படுவார். சுருதி விஷயத்தில் தாட்சண்யமே கிடையாது. இந்தக் குறிப்பை அடித்துவிடு என்று அக்கா கெஞ்சினாள். உண்மை என்பதால் விட்டுவைத்திருக்கிறேன்.

4

இனி கதை நகர வேண்டும். யாராவது ஒரு வில்லன் வந்தால் வசதியாக இருக்கும். வந்தது ஓர் அறிவிப்பு.

அவர்கள் வழக்கமாக வாசிக்கும் அரங்கத்தில், இனி மேடையில் ஆம்ப்ளிஃபயர் கூடாது என்றார்கள். வாத்தியங்களை நேராக ஒலிக்காரரின் மேசைக்கு இணைத்துவிட வேண்டும். அவரவர் வாசிப்பை, ஹெட்போன் போன்ற அவரவர் காதுக்கருவியில் கேட்டுக்கொள்ளலாம். மேடை சுத்தமாக இருக்கும், ஒலியும் தெளிவாக இருக்கும். எல்லாருக்கும் சந்தோஷம். என் இடுப்புக்குச் சொல்லவே வேண்டாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், செய்தி கேட்டுச் சிரித்தேன். பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

வீட்டில் காதுக்கருவி மாட்டி வாசித்துப் பார்த்தாள்.

"எப்படிக்கா?"

"சுத்தம். ஒண்ணுமே இல்ல. தந்தி ஆடறது கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான்."

மறுநாள் வாத்தியக் கடைக்குப் போனோம். தரையில் வைத்துக் காலால் மிதிக்கும் பெடல்களை ஒவ்வொன்றாக இணைத்துப் பார்த்தாள். ஒன்று சத்தத்தைக் கரகரப்பாக்கியது. ஒன்று ஆட்டி ஆட்டிக் காட்டியது. கடைசியாக ஒரு சிந்தஸைசர் பெடல். நாம் வாசிக்கும் சுரம் எது என்று கண்டுபிடித்து, அதன் மேல் ஸ்தாயியில் தானே ஒரு மின்குரலை உண்டாக்கிச் சேர்த்துப் பாடும். அக்கா ஒரே ஒரு சுரம் வாசித்தாள். அப்படியே நின்றாள். இன்னொன்று வாசித்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. (வயலின்காரனைக் கேலி செய்தவள்!) கடைக்காரர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"கேக்குதுடா" என்றாள். "இது என் சுரந்தான். மாடில நின்னுட்டுக் கூப்பிடுது."

அந்தப் பெடல்தான் தவளை. காரணப் பெயர். இரண்டு தந்தி சேர்ந்து அதிர்ந்தாலோ, விரல் கொஞ்சம் அசட்டையாகப் பட்டாலோ எந்தச் சுரம் என்று புரியாமல் அது குழம்பிக் கொரகொரவென்று கத்தும். ஆகவே ஒவ்வொரு சுரத்தையும் தனியாக, துல்லியமாகத் தொட வேண்டும். வாசிக்காத தந்திகளை மற்ற விரல்களால் அமர்த்திப் பிடிக்க வேண்டும். இத்தனை வருடம் வாசித்தவள், புதிதாகக் கற்கிறவளைப் போல மணிக்கணக்கில் உட்கார்ந்தாள். "எந்த வாத்தியாரும் என்ன இவ்வளவு திட்டினதில்ல" என்று சொல்லிக்கொண்டே தவளையின் தூசியைத் தன் துப்பட்டாவால் துடைப்பாள். அவள் வாசிப்பு முன்னைவிடச் சுத்தமாகியிருந்தது. எனக்கு அந்தப் பெட்டியைக் கும்பிடத் தோன்றியது.

5

ஒத்திகை அறை. ஜன்னல் இல்லை, சுவரெல்லாம் சாக்குப்போல ஒரு துணி. அரங்கத்தில் போலவே எல்லார் காதிலும் கருவி. அக்காவை அழைத்து வந்த நான் ஓரமாக, ஒரு காலிப் பெட்டியின் மேல்.

முதல் பாட்டிலேயே பாடகி கையைத் தூக்கினார். "என்ன இது, தண்ணிக்குள்ள ரோபோ அழற மாதிரி? அத அணைங்க."

காரணம் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அக்கா குனிந்து தவளையை அணைத்தாள்.

அடுத்த பாட்டின் நடுப்பகுதியில் பேஸும் குரலும் மட்டும் வரும். அக்கா கையை மேலே நழுவவிட்டு நிறுத்த வேண்டிய இடத்துக்கு ஒரு கட்டம் தள்ளி நிறுத்தினாள். அவளுக்குத் தெரியவில்லை. தெரிய வழியே இல்லை. முகத்தில் முழு நம்பிக்கையோடு அந்த அடி முழுவதையும் ஒரு கட்டம் தள்ளியே வாசித்தாள். பாடகி அவளை நம்பி, அவள் போன இடத்துக்கே கூடப் போய்ப் பாடினார். பிறகு மற்ற கிடார் உள்ளே வந்ததும் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதோ ஆரம்பிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"சாரி, என் தப்பு" என்றார் பாடகி. "தொண்டை சரியில்ல. நான்தான் நழுவிட்டேன்."

பேஸில் கட்டங்கள் உண்டு, அதன் சுருதி நழுவாது. குரல்தான் நழுவும். அப்படி முடிவுகட்டியிருக்கிறார். வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. [இந்த இடத்தில் அவள் மனத்துக்குள் புகுந்து ஒரு பக்கம் எழுதினேன். அதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். எடுத்துவிட்டேன்.]

அப்போது டிரம்ஸ்காரர் எழுந்தார். எல்லாரும் கோட்டான் என்று கூப்பிடுவார்கள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. ஒலிக்காரரிடம் போனார்.

"அந்த ரோபோ சத்தத்த அவங்க காதுக்கு மட்டும் அனுப்புங்க. வெளிய வெறும் பேஸ் போகட்டும்."

"எதுக்கு?"

"அனுப்புங்களேன்."

அனுப்பினார். அக்கா தவளையை மறுபடி மிதித்துவிட்டு வாசித்தாள். பாட்டு கடைசிவரை முட்டாமல் போனது.

வெளியே வண்டிகளுக்கு நடுவே அவரைப் பிடித்து நிறுத்தினாள். "எப்பலேர்ந்து தெரியும்?"

"நீங்க என் கால பாக்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

அவர் மிதிக்கும் பெரிய டிரம்மைக் கண்ணால் பார்த்துத்தான் அக்கா தாளம் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைக் கவனித்து, விளக்கில் கண் கூசுகிறது என்று சாக்குச் சொல்லி, டிரம்ஸ் முழுவதையும் அவள் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார். எல்லா மேடையிலும். நாங்கள் அதை அவருடைய கிறுக்குத்தனம் என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அக்கா கிட்டே வந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா அவங்ககிட்ட நீங்க சொல்லிடணும்க்கா" என்றார் கோட்டான். "உங்க சுரத்து மேல நின்னுதான் அவங்க பாடறாங்க."

6

முடிவுகள். வரிசையாக அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

பாடகி உண்மை தெரிந்து அக்காவைக் கட்டிக்கொள்கிறார். ("அவங்க யாரையும் கட்டிப்பிடிச்சு நான் பாத்ததே இல்லடா.")

பாடகி வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார். அக்கா ஜன்னலோரம் அமர்ந்து மழையை ("மழை வேண்டாம். எனக்குப் பாதி மழைதான் கேக்குது.")

காது குணமாகிவிடுகிறது. (சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன்.)

யாரும் எதுவும் சொல்லாமல் தவளையும் கோட்டானும் துணையாக இருக்க, இப்படியே காலம் ஓடுகிறது. எனக்கு இது பிடித்திருந்தது. இதமாக இருந்தது. அக்கா சிரிப்பை நிறுத்தினாள்.

"அவங்க வெந்நீர் குடிச்சிட்டிருக்காங்கடா. அன்னிலேர்ந்து தினமும். நான் பாத்துட்டு சும்மா இருக்கேன். இதப் போய் நல்ல முடிவுன்னு எழுதறியே."

பாடகியிடம் இரண்டு தடவை பேசப் போனாள். இரண்டு தடவையும் வேறு ஏதோ பேசிவிட்டுத் திரும்பினாள். மூன்றாவதாக என்னிடம் வந்து கையை நீட்டினாள். "நீ எழுதினதக் குடு. கடைசிப் பக்கம் மட்டும் எழுதாத."

7

ஆகவே, பாடகி அம்மா, இதுவரை வாசகரே என்று நான் அழைத்துக்கொண்டிருந்தது உங்களைத்தான். குழுவை நடத்துகிறவரே, இந்தக் கதையை முதலில் படிப்பவர் நீங்கள். மற்றவர்கள் படிப்பதா வேண்டாமா என்பதுகூட உங்கள் கையில்தான். உங்களைப் பற்றிய அடிக்குறிப்புக்கு நான் மட்டுமே பொறுப்பு.

அன்றைக்கு உங்கள் தொண்டையில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் நழுவவில்லை. அக்கா போன இடத்துக்கு நம்பி வந்தீர்கள், அவ்வளவுதான். இதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுத அனுமதித்தாள். தன்னைக் குழுவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டு ஒரு வரிகூடச் சேர்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவள் சொல்லச் சொன்னது ஒரு நன்றி மட்டும். இத்தனை வருடம் அவளுடைய சுரத்தை நம்பி நின்று பாடியதற்கு. தவளையை அவளைத் தவிர யாரும் கேட்கப் போவதில்லை. காது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்கும் தெரியாது.

நீங்கள் இதைப் படிக்கும்போது அவள் ஒத்திகை அறையில் இருப்பாள். பேஸின் பழைய தந்திகளைக் கழற்றிவிட்டு, புதியவற்றை உறையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாட்டலாமா வேண்டாமா என்று நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். மெல்லவே பேசுங்கள். உங்கள் குரல் அவளுக்கு நன்றாகக் கேட்கும்.